நமக்குப் பிறை இரண்டு, அவங்களுக்குப் பிறை ஒன்று

அன்பு மகன் யூசுபுக்கு, உம்மாவின் ஸலாம்.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்து அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். நோன்பு வைத்துக்கொண்டு பகலில் அடுப்படியில் என்ன வேலை என்று உன் அத்தா கேட்டார். கேட்ட மனிதரே எழுந்துபோய் வாசலில் நின்று தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். துபாயில் இருக்கிற பிள்ளை நம் தெருமுனையில் திரும்பி வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கால்தான் கேட்க மாட்டேன் என்கிறது.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை எல்லாம் நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் தங்கை போட்டுக்கொடுத்துவிட்டாள். உன்னைப் பெற்றவளின் குரல் உனக்கு எலிக்குஞ்சு மாதிரி கேட்கிறதாம். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. அவசரப்பட்டால் நடுவில் ஒரு வரி விட்டுப்போகும், அந்த வரியில்தான் உன்னைத் திட்டியிருப்பேன். எழுதி முடித்ததும் உன் தங்கையிடம் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நம் குடும்ப குரூப்பிலேயே போடச் சொல்லியிருக்கிறேன். உனக்கு மட்டும் தனியாக அனுப்பினால் நீலக் கோடு இரண்டு விழும், அதோடு சரி. எல்லோரும் படிக்கட்டும். உன் மாமிமார்கள் படித்துவிட்டு என்ன சொல்வார்களோ சொல்லட்டும்.

நேற்று நீ ஒரு படம் அனுப்பினாய். எங்கள் கல்யாணத்தன்று வந்த பழைய பேப்பராம். எங்கேயோ கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்திருக்கிறாய். ‘உம்மா, உங்க பிறை நியூஸ் இதுல எங்க இருக்கு, கண்டுபுடிங்க பாப்போம்’ என்று எழுதி, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வருகிற மூஞ்சி நாலைந்து போட்டிருந்தாய். பெருநாள் முடிந்த வாரத்தில் உனக்கு நிக்காஹ். மண்டபம் சொல்லியாகிவிட்டது, சமையல் பண்டாரியிடம் பேசியாகிவிட்டது. வருகிற டிக்கெட்டை இரண்டாவது முறையாகத் தள்ளி வைத்துவிட்டு, எப்போது வருகிறாய் என்று கேட்டால் ‘பாக்கலாம் உம்மா’ என்கிறாய். நீ கட்டப்போகிற சல்மா கேட்டாலும் அதே ‘பாக்கலாம்’தானாம். அவ்வளவு பழைய பேப்பரைத் தேட நேரம் இருக்கிற பிள்ளைக்குத் தலத்தெருவில் இருக்கிற அந்தப் பெண்ணிடம் நாலு வார்த்தை பேச நேரம் இல்லை. வந்த கோபத்தில் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா, என் கல்யாணத்துப் பேப்பர்!

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் பந்த். தமிழ்நாடு முழுவதும் பந்த் அமைதியாக நடந்தது என்று போட்டு, காலியான ஒரு கடைத்தெருவைப் படம் பிடித்திருக்கிறார்கள். தெரு நடுவே ஒரு நாய் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. அமைதி என்றால் அதுதான் அமைதி. உள்ளே அரைப் பக்கத்துக்கு சினிமா விளம்பரம். அதற்குப் பக்கத்தில் சுருட்டை முடியும் அரும்பு மீசையுமாக ஒரு பையனின் படம், ‘எங்கிருந்தாலும் உடனே வரவும், அம்மா சாப்பிடாமல் இருக்கிறார், யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்’ என்று. அந்தக் காலத்துப் பேப்பரில் தினமும் ஒரு பிள்ளையாவது இப்படிக் காணாமல் போயிருக்கும், ஒரு அம்மாவாவது சாப்பிடாமல் இருப்பாள். நானும் உன் படத்தைக் கொடுத்து அப்படி ஒன்று போட்டிருப்பேன். நோன்பு மாதத்தில் சாப்பிடாமல் இருக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள் என்றுதான் விட்டுவிட்டேன். நீ தேடச் சொன்ன செய்தி அடியில் இருக்கிறது, பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே, ஒரே ஒரு வரி. ‘தமிழகம் முழுவதும் இன்று ரம்ஜான் பண்டிகை.’ எங்கள் இரண்டு வீட்டையும் ஒரு பகல் முழுக்க ஆட்டி வைத்த செய்திக்குப் பல்பொடியை விடக் குறைவான இடம்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை நீ துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறாய். பெருநாள் தோறும் யாராவது ஒருவர் பன்னீர்ச் செம்பு என்று சொல்லி வைப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், நீயும் சேர்ந்து சிரிப்பாய். முழுவதையும் நான் உனக்குச் சொன்னதில்லை. இன்று சொல்லப்போகிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

நம் காரைக்காலில் செய்தி கேட்கிற பழக்கம் உனக்குத் தெரியும். ரேடியோவில் என்ன சொன்னாலும் முதலில் கேட்கிற கேள்வி, நமக்கா, அவங்களுக்கா? சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் கையகலம் நாம், நமக்குச் சட்டம் புதுச்சேரியில். பெட்ரோல் விலை ஏறியது என்றால் அது அவங்களுக்கு. பரீட்சை தள்ளிப்போனது என்றால் அதுவும் அவங்களுக்கு. நாகை, திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் மழையால் பள்ளிகளுக்கு விடுமுறை என்று சொல்வார்கள், அதே மழையில் நம் பிள்ளைகள் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போகும். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நீ பையைத் தூக்கிக் கூடத்தில் எறிந்துவிட்டு, “இது பாண்டிச்சேரி மேகம்னு மேகத்துக்குத் தெரியுமா உம்மா?” என்று கேட்டாய். உன் அத்தா அன்று உன்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். அவர் எல்லைக்கு அந்தப் பக்கத்து நாகூர்க்காரர், அவருக்கு அந்த மழை லீவு பிறவியிலேயே வந்த உரிமை. நான் காரைக்காலில் பிறந்து வளர்ந்தவள். அது அவங்களுக்கு என்று சொல்லியே வளர்ந்தவள். என் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்ததும் இந்த ஒரு வார்த்தைதான்.

என் வாப்பாவைப் பற்றி நீ கேள்விப்பட்டிருக்கிறாய். பிடித்த பிடியை விட மாட்டார். நிக்காஹ் பத்திரிகை அடிக்கப் போனபோது, ஷவ்வால் பிறை இரண்டு, காலை என்று மட்டும் போடச் சொல்லியிருக்கிறார். அதாவது பெருநாளைக்கு மறுநாள். அச்சகக்காரர் இங்கிலீஷ் தேதியும் போட்டுவிடலாமே என்றிருக்கிறார். பிறை தெரிவதற்கு முன்னால் தேதி போட நான் யார் என்று வாப்பா எழுந்து நின்றுவிட்டாராம். நாகூரில் உன் அத்தா வீட்டுப் பெரியவர்களுக்கும் இது ரொம்பப் பிடித்துப்போனது, நல்ல மார்க்கப் பற்றுள்ள சம்பந்தம் என்றார்கள். பிறை என்றால் வானத்தில் தெரிகிறதும் அதுதான், பத்திரிகையில் போடுகிற தேதியும் அதுதான். ஒரே வானத்தில் இரண்டு ஊருக்கு இரண்டு தேதி வரலாம் என்று எந்த வீட்டிலும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே பிறை பார்த்தது. கல்யாணத்துக்கு மெட்ராஸிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் கடற்கரைக்குப் போய்க் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறை மேற்கே அல்லவா தெரியும் என்று சின்னப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. மேகம் அடைத்துக் கிடந்தது. மஃரிப் தொழுகை முடிந்த நேரம் தென்னந்தோப்புக்கு மேலே ஒரு துண்டு வானம் மட்டும் விலகியது. பார்த்தவர்கள் போய்ச் சாட்சி சொன்னார்கள், ஜமாஅத்தில் விசாரித்து ஏற்றுக்கொண்டார்கள், பள்ளிவாசலில் நகரா முரசு அடித்துவிட்டது. நாகூரில் அந்தத் துண்டு வானமும் அடைத்தே இருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை, செவ்வாய்க்கிழமை பெருநாள் என்று ரேடியோவில் சொன்னது எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது. வாப்பா அது அவங்களுக்கு என்று சொல்லி ரேடியோவை அணைத்துவிட்டார். நான் மருதாணிக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை எங்களுக்குப் பெருநாள். பெருநாள் சீர் என்று சம்பந்தி வீட்டுக்கு வட்டிலப்பமும் நெய்ச்சோறும் தாம்பாளத்தில் அனுப்புவது வழக்கம். அனுப்பியிருந்தால் குட்டு அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும். ஆனால் அந்தப் பக்கம் பந்த். எல்லைக்கு மேல் பஸ்ஸும் போகவில்லை, காரும் போகவில்லை. டிரங்க்கால் போட்டால் லைன் கிடைக்கவில்லை. இதோ இருக்கிற நாகூருக்கு டிரங்க்கால் என்றால் நீ சிரிப்பாய், அன்றைக்கு எங்களுக்கு நாகூரும் சிங்கப்பூரும் ஒன்றுதான். நாளைக்கு மாப்பிள்ளையே வரப்போகிறார், சீரையும் சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று உம்மா வட்டிலப்பத்தைத் தெருவுக்குப் பங்கு வைத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் என்னை ஜோடித்து உள் அறையில் உட்கார வைத்தார்கள். தலை நிறையப் பூ, கழுத்து நிறைய நகை, வயிற்றில் ஒன்றும் இல்லை. பந்தலில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். நிக்காஹ் நடத்தி வைக்கிற ஹஜரத் வந்து உட்கார்ந்துவிட்டார். பின்கட்டில் பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டார்கள், வாசனை வீட்டைத் தூக்குகிறது. மாப்பிள்ளை வரவில்லை. தெருவில் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் ஒருத்தி எழுந்து ஜன்னலுக்கு ஓடுவாள், திரும்பி வந்து என் பூவைச் சரி செய்வாள். சரியாக இருக்கிற பூவை எத்தனை முறை சரி செய்வது? முதலில் பந்த் முடிந்து வண்டி கிடைத்திருக்காது என்றார்கள். அப்புறம் மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்றார்கள். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டார்கள். குரலை இறக்கினால்தான் நன்றாகக் கேட்கும். மாப்பிள்ளைப் பையனுக்கு மலேசியாவில் வேறு ஏதோ ஏற்பாடு என்று என் பெரியும்மாவின் மருமகள் ஒரு கதை கட்டி, அது பந்தலைச் சுற்றி வந்து அவளுக்கே புதுச் செய்தியாகப் போய்ச் சேர்ந்தது.

எனக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. அழுகை வரவில்லை. அவமானம்கூட அப்புறம்தான். உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. வர மாட்டேன் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் நகையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தட்டு பிரியாணி சாப்பிட்டிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். வருகிறேன் என்றால் காத்திருப்பேன். இரண்டும் இல்லாமல் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் மூஞ்சியை வைத்துக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். ஓரமாக ஒட்டியிருந்த மருதாணியை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பட்டுச் சேலை முழுக்கத் தூளாக்கினேன்.

அப்போதுதான் பேப்பர் வந்தது. நீ படம் அனுப்பிய இதே பேப்பர். முதல் நாள் பந்தால் அன்றைக்குத் தாமதமாக வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு சந்தியாகு சார் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பந்தலில் வந்து உட்கார்ந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா அவர். செவ்வாயோ வெறுவாயோ என்று சொல்வார்களே, கிழமை பார்க்கக் கூடாதா என்று வாப்பாவை வம்புக்கு இழுத்துவிட்டு, பேப்பரைப் பிரித்துச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். பந்த்தை வாசித்தார், நாயை வாசித்தார், காணாமல் போன பையனை வாசித்தார். கடைசியில் பல்பொடிக்குக் கீழே வந்து, தமிழகம் முழுவதும் இன்றைக்குத்தான் ரம்ஜானாமே என்றார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “அது அவங்களுக்கு சார்.”

சொல்லிவிட்டு மறுபடியும் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. என் உம்மா மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்நிய ஆண்கள் முன்னால் சத்தமே போடாத என் உம்மா, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்கள்.

“மாப்புளயும் அவங்கதானே?”

அந்த நேரம் பந்தல் இருந்த இருப்பை நான் பார்க்கவில்லை, கேட்டேன். பின்கட்டில் பண்டாரி முதலில் சிரித்தார். அப்புறம் சந்தியாகு சார். அப்புறம் ஊரே சிரித்தது. வாப்பா சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் அப்போதுதான் அழுகை வந்தது, ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

என் நானா, உன் பெரிய மாமா, அந்த நிமிஷமே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு நாகூருக்குப் பறந்தார். வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கிற வேலை அவருக்கு. பதற்றத்தில் பன்னீர்ச் செம்பைக் கீழே வைக்க மறந்து இடுக்கிக்கொண்டே போய்விட்டார். காரைக்காலில் இருந்து வியர்க்க விறுவிறுக்க ஒரு ஆள் எதையோ அணைத்துக்கொண்டு வந்தால் எல்லைச் சாவடிப் போலீசுக்கு என்ன தோன்றும்? நிறுத்தி, செம்புக்குள் என்ன சரக்கு என்று கேட்டிருக்கிறார்கள். பன்னீர் என்றால் எவன் நம்புவான்? திறந்து மோந்து பார்த்து, நம்பாமல் கையில் ஊற்றி நக்கியும் பார்த்துவிட்டு, நாலு பேரும் மணக்க மணக்க அவரை விட்டிருக்கிறார்கள். அங்கே உன் அத்தா வீட்டில் பெருநாள் தொழுகை முடித்து எல்லோரும் கோபமாக உட்கார்ந்திருக்கிறார்கள். எதற்குக் கோபம் என்றால், பெண் வீட்டிலிருந்து பெருநாள் சீர் வரவில்லையாம். இங்கே நாங்கள் மாப்பிள்ளையைக் காணோம் என்று வாசலைப் பார்க்க, அங்கே அவர்கள் தாம்பாளத்தைக் காணோம் என்று வாசலைப் பார்த்திருக்கிறார்கள். நானா போய் இறங்கியதும் உன் அத்தாவின் உம்மா கேட்ட முதல் கேள்வி, தாம்பாளம் எங்கே, வெறும் செம்பா வருகிறது என்பதுதான்.

இதுவரைக்கும் நீ கேட்டுச் சிரித்த கதை. இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. விஷயம் தெரிந்ததும் அங்கே பெரியவர்கள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். யார் பக்கம் தப்பு, இன்றைக்கே போவதா, நாளைக்கா, யார் போய்ச் சொல்வது, சொன்னால் மரியாதை குறையுமா என்று. உன் அத்தா அந்தப் பேச்சு முடியும்வரை நிற்கவில்லை. நானாவின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். பெருநாள் சட்டை, அத்தர், தலையில் தொப்பி, கையில் அந்தப் பன்னீர்ச் செம்பு. உச்சி வெயிலில் எங்கள் பந்தலில் வந்து இறங்கினார். மாப்பிள்ளை வந்தாச்சு என்று ஒரே கூச்சல். மாப்பிள்ளைக் கோலம் இல்லை, கூட ஒரு ஆள் இல்லை. வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஸலாத்துக்குப் பதில் மட்டும் சொன்னார். இவர் வாப்பாவிடம், பெண்ணிடம் ஒரு வார்த்தை நானே சொல்லிவிட்டுப் போகிறேன் என்று கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில், நிக்காஹுக்கு முன்னால்! வாப்பா பேசவில்லை. பேசாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு உம்மா அவரை அழைத்துவந்து திரைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். திரைக்குக் கீழே எனக்குத் தெரிந்தது புழுதி படிந்த இரண்டு கால்.

“நான் வராம போயிடல,” என்றார். “எங்க ஊருல இன்னிக்குத்தான் பெருநாள். உங்கள காக்க வச்சிட்டேன். இப்ப வரச் சொன்னா இப்பவே போயி எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். நாளைக்குன்னா நாளைக்கு. வேணாம்னாலும் சரிதான். நீங்க சொல்லுங்க.”

அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் என் வாயைப் பொத்தத் தயாராக நின்றார்கள். எனக்குக் காலையிலிருந்து கட்டிக் கிடந்த காலும் கையும் அப்போதுதான் அவிழ்ந்த மாதிரி இருந்தது.

“நாளைக்கு வாங்க,” என்றேன். “இன்னிக்குப் போயி உங்க உம்மாவோட பெருநாள் சோறு சாப்புடுங்க. எங்களுக்குப் பசிக்குது.”

கல்யாணப் பெண் வாய் திறந்து பேசிவிட்டாள் என்று ஊர் ஒரு வருஷம் பேசியது. அன்றைய பிரியாணியை வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நானும் நகையோடேயே சாப்பிட்டேன், ஒரு தட்டு அல்ல, இரண்டு. மாப்பிள்ளை இல்லாக் கல்யாணம் என்று எங்கள் வீட்டுக்குப் பேர் வந்தது. சந்தியாகு சார் கடைசிவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் நிக்காஹுக்கு வெறும் நெய்ச்சோறும் தாளிச்சாவும்தான். பத்திரிகையில் போட்ட பிறை இரண்டு அவர்களுக்குச் சரியாக வந்தது, எங்களுக்குப் பிறை மூன்று. இதனால்தான் ஒவ்வொரு வருஷமும் உன் அத்தா பிறை இரண்டில் கல்யாண நாள் என்று அல்வா வாங்கி வருவார், நான் இன்றைக்கு இல்லை என்று பாதியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மறுநாள் கொடுப்பேன். உங்களுக்கு இரண்டு நாளும் அல்வா கிடைத்தது, அதனால் நீங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது உன் விஷயம், இந்தப் பக்கங்களை மட்டும் குரூப்பில் போடாமல் உனக்குத் தனியாக அனுப்பச் சொல்வேன். உன் தங்கையைக் கோபிக்காதே, நான்தான் அவளைக் குடைந்து குடைந்து வாங்கினேன். உன் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்களாம். பட்டியலில் உன் பேர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறாயாம். அந்தச் செய்தி வரும்வரை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று இருக்கிறாயாம். தம்பி, இதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கோபமும் போய்விட்டது, தூக்கமும் போய்விட்டது. தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து, நடுங்கிக்கொண்டு, பொழுது போக என் கல்யாணத்துப் பேப்பரைத் தேடிச் சிரித்திருக்கிறாய். வேலை போனால் போகட்டும். உன் அத்தாவுக்கு எத்தனை முறை போயிருக்கிறது தெரியுமா? கோட்டுச்சேரியில் கடை போட்டு, அதையும் மூடி, மறுபடியும் கப்பலேறிப் போன மனிதர் அவர். வேலை இல்லாத மாப்பிள்ளைக்கு வருகிறவள் நம் ஊரில் உண்டு. வாய் இல்லாத மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

இந்தச் செய்தி உன்னுடையது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவளுக்கு இதில் என்ன, முடிவு தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று. எங்கள் பந்தலில் அத்தனை பேரும் செய்த தப்பு இதே தப்புதான். அடுத்தவருக்கு என்று ஒதுக்கி வைத்த செய்தியில்தான் எங்கள் கல்யாணமே இருந்தது. நான் அரைப் பகல் உட்கார்ந்திருந்தேன், என்னைச் சுற்றி ஊரே இருந்தது, கடைசியில் சிரிப்பாக முடிந்தது. சல்மா தினமும் காலையில் பஸ் ஏறி கோட்டுச்சேரிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு வருகிறாள். பஸ்ஸில் எல்லோரும் எப்போ கல்யாணம் என்று கேட்கிறார்களாம்.

நேற்று நோன்பு திறக்கிற நேரம் அவள் இங்கே வந்தாள். அவள் உம்மா கஞ்சி கொடுத்து அனுப்பியதாகச் சொன்னாள். நம் வீட்டிலும் கஞ்சி காய்ச்சுவோம் என்று அவளுக்குத் தெரியாதா? தூக்குச் சட்டியை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அடுப்படி வரைக்கும் வந்தாள், மறுபடி வாசலுக்குப் போனாள், மறுபடி வந்தாள். அந்த நடை எனக்குத் தெரியும். அப்புறம் சொன்னாள்.

“மாமி, அவங்களுக்கு வர முடியலன்னா முடியலன்னு சொல்லிடச் சொல்லுங்க. ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். ஸ்கூல்ல கல்யாணத்துக்குன்னு லீவு எழுதிக் குடுத்திருக்கேன். இல்லன்னா அத திருப்பி வாங்கணும்.”

அழவில்லை. லீவைப் பற்றித்தான் பேசினாள். அவள் போன பிறகு உன் அத்தா அலமாரியைத் திறந்து அந்தப் பழைய பன்னீர்ச் செம்பை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். வாயால் சொல்ல மாட்டார், அது அவர் குணம். ஆனால் சொல்ல வேண்டிய அன்று வெயிலில் வந்து சொன்ன மனிதர். அவருக்குப் பிறந்த பிள்ளை நீ.

டிக்கெட் போட்டாயா என்று இனிமேல் நான் கேட்க மாட்டேன். இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதிலும் வேண்டாம். பதில் தலத்தெருவுக்குப் போகட்டும். வருகிறேன் என்று சொல், தள்ளி வைப்போம் என்று சொல், வேலை போகும்போல இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொல். எது வேண்டுமானாலும் சொல், நீயே சொல். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது, நாளைக்கு வாங்க என்றும் சொல்லலாம். பிறை தெரியவில்லை என்று சொல்வதற்கும் ஒருத்தன் மாடி ஏறிப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்லணும். நீ இன்னும் மாடிப்படியிலேயே நிற்கிறாய் மகனே. அங்கே தலத்தெருவில், பட்டுச் சேலையில் மருதாணி தூளாக உதிர்ந்துகொண்டிருக்கிறது.

உன் உம்மா